இதுவரை ஒருவரும் தோற்றதில்லை

நீதி பரிபாலனத்தின் வருங்காலத்தையே தலைகீழாக மாற்றவல்ல அந்த மகத்தான நிகழ்வு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் முதல் மாடியில், எட்டுப் பேர் முன்னிலையில் இனிதே நடந்தேறியது என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். இயக்குநர் ஒரு நாற்காலி மேல் ஏறி, சுவரை அடைத்துக்கொண்டிருந்த இருபத்தாறு வார அட்டவணையின் முதல் கட்டத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு மட்டும் கை ஒழியவில்லை. இயக்குநர் இறங்கிய பிறகு, தனியாகத் தட்டிக்கொள்ள அவருக்கு அரை நிமிடம் ஒதுக்கப்பட்டது.

அந்த முதல் கட்டத்தில் எழுதியிருந்தது 'அட்டவணை தயாரித்தல்' என்பதுதான். அது முடிந்துவிட்டதற்குத்தான் பச்சை.

நாற்காலியைப் பிடித்தவர் அன்றுதான் சேர்ந்திருந்தார். நீதிமன்ற வாசலில், ஸ்டாம்பு விற்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருப்பவர். வக்கீல்கள் முதல் ஜாமீனுக்கு அலைகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அக்கா. பன்னிரண்டு வருடமாக மனு, பிரமாணம், ஆட்சேபணை என்று தட்டிக்கொண்டிருக்கிறார். வக்கீல்கள் அவசரத்தில் வாதியைப் பிரதிவாதி ஆக்கிவிட்டுப் போவார்கள். அக்கா சத்தமில்லாமல் வாதியை வாதியாகவே மீட்டுக் கொடுப்பார். ஒருநாள் ஒரு வக்கீல், "நீங்க தட்டினதை அப்படியே வாசிச்சேன்க்கா, ஜெயிச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் அதை நானே வாசித்தால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தாராளமாப் படி. வயசு வரம்பு ஏதாச்சும் இருக்குமே?" என்றார்.

"முப்பத்தஞ்சு. இந்த வருஷம் எழுதலாம். அடுத்த வருஷம் அப்ளிகேஷனே வாங்க மாட்டாங்க."

"அப்ப ஒரே சான்ஸ். கியாரண்டி முடியறதுக்குள்ள பாத்துடணும்."

அந்த ஒரே வாய்ப்பை எங்கே கொண்டுபோய் ஒப்படைப்பது என்று அக்கா தேடினார். ஊரில் பயிற்சி நிலையங்களுக்கா பஞ்சம். ஒவ்வொன்றும் தன் வாசலில் அறுபது சதவீதம், எழுபது சதவீதம் என்று எழுதி வைத்திருந்தது. இந்த நிலையத்தின் பலகையில் எண்ணே கிடையாது. 'இதுவரை ஒருவரும் தோற்றதில்லை' என்ற ஒரு வரி மட்டும் நீலத்தில் வெள்ளையாக இருந்தது. அக்கா சேர்ந்துவிட்டார்.

திட்ட அலுவலர் என்று ஒரு அம்மையார் அங்கே இருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் விசில். அவரிடம் போய் அக்கா, "மேடம், புத்தகம் எப்பத் தருவீங்க?" என்று கேட்டார்.

"புத்தகமா? அதுக்குள்ளயா?"

"ஆறு மாசம்தானே இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். முதல்ல உங்க தனிநபர் படிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுங்க. நாங்க பாத்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் நீங்க எதையும் படிக்கலாம்."

படிவம் பதினான்கு பக்கம். எழும் நேரம், உட்காரும் நேரம், பென்சில் சீவும் நேரம் எல்லாம் நிரப்பிய அக்கா ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டார். 'கவனம் சிதறும் நேரம்: மணி, நிமிடம்' என்று கேட்டிருந்தது.

"கவனம் எப்பச் சிதறும்னு முன்னாடியே எப்படி மேடம் சொல்றது?"

"அதைத் திட்டமிடலைன்னா கண்ட நேரத்துல சிதறிடும்," என்றார் திட்ட அலுவலர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அக்கா 'மாலை 6.40 முதல் 6.55 வரை' என்று எழுதினார். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் அதிகம். திட்டம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, தும்மலுக்கு நேரம் ஒதுக்கவில்லை. இரண்டாம் முறை, ஒதுக்கியது அதிகம். மூன்றாம் முறை, ஓரம் விடவில்லை. நான்காம் முறை ஒப்புதல் கிடைத்தபோது அட்டவணையில் ஏழு கட்டங்கள் பச்சையாகியிருந்தன. அக்கா இன்னும் ஒரு கேள்வித்தாளைக் கண்ணால் பார்க்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு தம்பி. பகலில் மருந்துக்கடையில் வேலை, காலையில் இங்கே. இது மூன்றாவது வருடம். அவன் பையில் எழுபத்திரண்டு ஸ்கெட்ச் பேனாக்கள் இருந்ததால் நிலையத்தில் அவன் பெயரே ஸ்கெட்ச். அவனுடைய திட்டம்தான் முன்மாதிரித் திட்டம் என்று கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"தர்க்கத்துக்கு ஊதா, வாசிப்புக்கு மஞ்சள், பொது அறிவுக்கு இந்தச் செங்கல் கலர். பாத்தீங்களாக்கா?"

"அழகா இருக்கு தம்பி. ஊதாவுல இதுவரைக்கும் என்ன படிச்சே?"

"படிக்கிறதுக்கு இன்னும் கலர் ஒதுக்கலைக்கா. நல்ல கலர் எல்லாம் தீந்துடுச்சு."

எட்டாம் வாரம் முதல் மாதிரித் தேர்வு வந்தது. ஒரு பத்தியைப் படித்து இருபது கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தம் பற்றிய பத்தி. அப்படி நாலாயிரம் ஒப்பந்தம் தட்டியவர் அக்கா. இருபதும் சரி. மறுநாள் காலையில் திட்ட அலுவலர் விசில் ஊதி அவரைக் கூப்பிட்டார்.

"உங்க பிழைப் பதிவேடு காலியா இருக்கே."

"பிழை எதுவும் வரலை மேடம்."

"ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் குறைஞ்சது ஆறு பிழை பதியணும். பிழை, பிழைக்கான காரணம், காரணத்துக்கான காரணம், திருத்தத் திட்டம். இப்படிக் காலியா வச்சிருந்தா நாங்க எதைத் திருத்துறது?"

"திருத்த வேண்டாமே மேடம்."

திட்ட அலுவலர் அவரைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார். "இதுதான் ஆரம்பம். போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் எல்லாத்தையும் சரியாப் போட்டுட்டே போனார். திருத்தவே முடியலை."

அடுத்த மாதிரித் தேர்வில் அக்கா கவனமாக ஆறு விடையைத் தப்பாகப் போட்டார். எது சரி என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் சரியான தப்பைப் போட முடியும் என்பதால், இதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. பதிவேட்டில் 'முன்னேற்றம்' என்று சிவப்பு மையில் குறிப்பு விழுந்தது.

பதினைந்தாம் வாரத்திலிருந்து 'நிஜச் சூழல் பயிற்சி.' தேர்வறையில் மேஜை ஆடும் என்பதால் எல்லா மேஜைகளுக்கும் ஒரு காலை அரை அங்குலம் அறுத்தார்கள். மின்விசிறியில் கடகடவென்று சத்தம் வர வேண்டும் என்று ஒரு போல்ட்டைக் கழற்றினார்கள். தேர்வறையில் எப்படியும் யாராவது ஒருவர் இருமுவார் என்பதால், தினமும் இரண்டு மணி நேரம் இருமுவதற்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவருக்கு 'இருமுபவர்' என்று அடையாள அட்டை உண்டு. வறட்டு இருமல் திங்கள், புதன். சளி இருமல் செவ்வாய், வியாழன். வெள்ளிக்கிழமை கலந்து வரும். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்துவிட்டது. நிஜம் வேறு, நிஜச் சூழல் வேறு என்று சொல்லி அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மெக்கானிக் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, பாடம்னு ஏதாச்சும் நடத்துறாங்களா?" என்றார்.

"அதுக்கும் ஒரு கட்டம் இருக்குங்க. அது மேல ஃபேன் சுவிட்ச் வருது. சரியாத் தெரியலை."

"ஃபிரிட்ஜுக்குள்ள லைட்டு எரியுது, கூலிங் மட்டும் வரலைங்கிற கேஸ் இது," என்றார் மெக்கானிக். மறுநாள் பழைய புத்தகக் கடையிலிருந்து தடிமனாக ஒரு பழைய கேள்வித்தாள் தொகுப்பு வாங்கி வந்து கொடுத்தார். தட்டச்சுக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மனுக்களுக்கு அடியில் வைத்து, ஏதோ தப்பு செய்வதுபோல அக்கா அதைப் படித்தார். ஒப்புதல் இல்லாத படிப்பு.

இருபத்திரண்டாம் வாரம் அரசாங்கத்திலிருந்து தேர்வு நுழைவுச்சீட்டு வந்தது. வந்த அன்றே திட்ட அலுவலர் எல்லாச் சீட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். போன வருடம் ஒரு மாணவர் தன் சீட்டை இரண்டாக மடித்துவிட்டாராம். அசல் சீட்டு இல்லாமல் தேர்வறையில் விட மாட்டார்கள், இரண்டாம் பிரதி கிடையாது என்று சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்தது. அக்கா கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. இருபத்தாறு வாரத் திட்டத்தின் சிகரமான மாபெரும் மாதிரித் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நூற்றுக்கு எண்பது எடுப்பவர்களுக்கே பீரோ திறக்கப்படும். அக்கா தேதியைப் பார்த்தார். அந்தத் தேதி வீட்டுக் காலண்டரில், மெக்கானிக்கின் சர்வீஸ் குறிப்புகளுக்கு நடுவே, நாலு மாதமாக வட்டம் போட்டு இருக்கிறது.

"தம்பி, இது நிஜத் தேர்வு தேதிடா."

ஸ்கெட்ச் தலை நிமிரவில்லை. அந்த ஞாயிறுக்குத் தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்தான். "ஆமாக்கா. வருஷா வருஷம் அப்படித்தான் அமையுது."

"அப்ப நீ நிஜத் தேர்வு எழுதினதே இல்லையா?"

"மாதிரியில எண்பது வாங்காம நிஜத்துக்குப் போனா அசிங்கமாப் போயிடும்கா. போன வருஷம் எழுபத்தெட்டு."

அக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். முறையாக ஒரு மனு தட்டினார். 'மனுதாரர் மிகவும் பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று தொடங்கி, எண்ணிட்ட ஏழு பத்திகள். மனுவின் அழகைப் பார்த்து இயக்குநரே விசாரணைக்கு இசைந்தார். ஆனால் விசாரணைக்கு ஒரு கட்டம் ஒதுக்க வேண்டியிருந்ததால், தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்தது.

இயக்குநருக்கு மெல்லிய குரல். எதிரில் இருப்பவர் நோயாளி என்பதுபோலப் பேசுவார்.

"அம்மா, ஒத்திகைன்னா என்ன? அச்சு அசலா நிஜம் மாதிரி இருக்கணும். மேஜை நிஜம் மாதிரி ஆடுது. இருமல் நிஜம் மாதிரி கேக்குது. தேதி மட்டும் ஏன் பொய்யா இருக்கணும்? ஒரு வாரம் முன்னாடி வச்சா வெயில் வேற, பஸ் கூட்டம் வேற, மனுஷனோட மனசே வேற. முன்ன இங்க ஒரு தர்க்க ஆசிரியர் இருந்தார். அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்."

"இப்ப அவர் எங்க சார்?"

"நிஜத் தேர்வை எழுதிட்டு வரேன்னு போனார். திரும்பி வரவே இல்லை." இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப நாங்க நிஜத் தேர்வை எப்பத்தான் எழுதறது?"

"பக்குவம் வந்த பிறகு. ஒரு வழக்கு எத்தனை வருஷம் நடக்குதுன்னு நீதிமன்ற வாசல்லயே இருக்கற உங்களுக்குத் தெரியாததா? அதுல வாழப்போறவங்களுக்குக் காத்திருக்கக் கத்துக் கொடுக்க வேண்டாமா? மத்த நிலையத்துல தேர்வுக்கு மட்டும்தான் பயிற்சி. நாங்க தொழிலுக்கே பயிற்சி கொடுக்கறோம்."

"சார், எனக்கு இதான் கடைசி வருஷம். வயசு தாண்டிடும்."

"வயசைத் திட்டமிடாம விட்டது யார் தப்பும்மா?"

அக்கா வாசல் பக்கம் கையைக் காட்டினார். "வாசல்ல ஒருத்தரும் தோத்ததில்லைன்னு போட்டிருக்கீங்களே," என்றார்.

"உண்மைதானே."

"எழுதினவங்க எத்தனை பேர்?"

"அது வேற கேள்வி," என்றார் இயக்குநர் அன்போடு. "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றதுதான் தர்க்கத்துல முதல் பாடம்."

மனு தள்ளுபடி. நிலையத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், சீட்டைக் கொடுங்கள் என்றார் அக்கா. விலகலுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும், விதிப்புத்தகத்தில் இருக்கிறது என்று திட்ட அலுவலர் அறுபத்துநாலு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தை அதுவரை ஒருவரும் படித்ததில்லை. எழுதியவரே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விதிகளைப் பார்த்துத்தான் எழுதினார் என்பது, நடுவில் மூன்று இடங்களில் பால் கறவை நேரம் குறிப்பிட்டிருந்ததிலிருந்து தெரிந்தது.

அக்கா படித்தார். படிப்பது அவர் தொழில். விதி 38: ஒப்புதல் பெறாத படிப்பில் மூன்று நாள் பிடிபடும் மாணவர் நிலையத்திலிருந்து நீக்கப்படுவார். விதி 41: நீக்கப்பட்டவரின் ஆவணங்கள் அன்றே கையொப்பம் பெற்றுத் திருப்பித் தரப்படும்.

புதன்கிழமை காலை, திட்டமிடல் கூடத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்து, அக்கா பழைய கேள்வித்தாள் தொகுப்பைத் திறந்து வைத்துப் படித்தார். முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அவர் என்ன செய்கிறார் என்பதை அடையாளம் காணும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. திட்ட அலுவலர் பக்கத்தில் வந்து, "என்ன தேடறீங்க? ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"படிக்கிறேன் மேடம்."

விசில் வாய்வரை போய் நின்றுவிட்டது.

வியாழன், இரண்டாம் முறை. வெள்ளிக்கிழமை இருமுபவரே பார்த்துவிட்டு, கலந்த இருமலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னார். உடனடி விசாரணை. இயக்குநர், திட்ட அலுவலர், சாட்சியாக இருமுபவர்.

"எத்தனாம் பக்கத்துலருந்து எத்தனாம் பக்கம் வரைக்கும்?"

"நாப்பதுலருந்து நூத்திப்பத்து. மூணு நாள்ல."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"அதையும் எழுதிக்கோங்க," என்றார் இயக்குநர், மெல்லிய குரல் இன்னும் மெலிய.

நீக்க உத்தரவைத் தட்டச்சு செய்வதில் ஒரு சிக்கல். நிலையத்தில் பிழையில்லாமல் தட்டத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அவரையே உட்கார வைத்தார்கள். இயக்குநர் சொல்லச் சொல்ல அக்கா தட்டினார். சொன்னதில் விதி எண் தவறாக இருந்தது. பழக்கதோஷத்தில் சத்தமில்லாமல் திருத்திவிட்டார். உத்தரவில் இயக்குநரும், விசாரணைக் குறிப்பில் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். பீரோ திறந்தது. சீட்டு ஒரு மடிப்புகூட இல்லாமல் இருந்தது. அந்த மட்டில் நிலையம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது.

படியிறங்கும்போது ஸ்கெட்ச் எதிரே வந்தான். "நீயும் நாளைக்கு ஒரு நாள் புத்தகத்தைத் திறந்து உக்காரு தம்பி," என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் மூன்று நாள் கணக்கு நினைவுக்கு வந்தது. அவன் சிரித்தான். "என் திட்டத்தைச் சுவத்துல மாட்டியிருக்காங்கக்கா. நான் எப்படி."

ஞாயிற்றுக்கிழமை நிஜத் தேர்வறையில் மேஜை ஆடவில்லை. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. மூன்று மணி நேரத்தில் ஒருவரும் இருமவில்லை. பழக்கமில்லாத அமைதியில் அக்காவுக்கு முதல் கால் மணி நேரம் ஓடவே இல்லை. பிறகு ஓடியது. ஆறு தப்புப் போட வேண்டும் என்று கை நாலைந்து தடவை பரபரத்தது, அடக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஸ்கெட்ச் கடைக்கு வந்தான். மாபெரும் மாதிரியில் எழுபத்தொன்பது. அக்கா நிஜக் கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்தார். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மனுவுக்குக் காத்திருந்த இரண்டு பேருக்கு நடுவே, பென்சிலால் போட்டுப் பார்த்தான். அக்கா திருத்தினார். தொண்ணூற்றொன்று.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரொம்பச் சுலபமா இருக்கேக்கா," என்றான். "நிஜம் மாதிரியே இல்லை."

முடிவு வெளிவந்தது. அக்காவுக்கு இடம் கிடைத்தது. மெக்கானிக் செய்தி கேட்டதும் கழற்றி வைத்திருந்த கம்ப்ரஸரை அப்படியே விட்டுவிட்டு வந்து, கடை வாசலில் நின்று, ரிப்பேர் பார்த்த மிஷினைச் சொல்வதுபோல, "ஓடிடுச்சு," என்றார்.

நாலு நாள் கழித்து நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த மொத்தச் சுவரையும் மறைத்து ஒரு விளம்பரப் பலகை எழும்பியது. நடுவில் அக்காவின் படம், நிலையத்தின் அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. கண் இரண்டும் பாதி மூடியிருந்தன. கீழே, 'எங்கள் நிலையத்தில் படித்து, இவ்வாண்டு தேர்வு எழுதிய அனைவரும் தேர்ச்சி. நூறு சதவீதம். இதுவரை ஒருவரும் தோற்றதில்லை.'

அக்கா நேராக மாடியேறினார். "என்னை நீக்கிட்டீங்களே சார். எந்த முகத்தோட என் படத்தைப் போட்டீங்க?"

இயக்குநர் விசாரணைக் கோப்பை எடுத்துப் பிரித்து வைத்தார். "நீங்க இங்க படிச்சதுக்கு ஆதாரம் இருக்கும்மா. தேதி, நேரம், பக்கம் நம்பர் எல்லாம் இருக்கு. புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இந்த நிலையத்தோட வரலாத்துல ஒரு மாணவர் படிச்சார்னு ஆவணத்தோட நிரூபிக்க முடியறது உங்க விஷயத்துல மட்டும்தான்."

கீழே வாசலில் புதிதாகச் சேர வந்தவர்களின் வரிசை ஜெராக்ஸ் கடை வரை நின்றது. நாலாவது வருடத்துக்கு ஸ்கெட்சும் அதில் நின்றான்.

"நோட்டீஸ் அனுப்பு," என்றார் கடையில் காத்திருந்த மெக்கானிக். "இனிமே உனக்கு வக்கீல் எதுக்கு."

அக்கா வெள்ளைத்தாளைச் சொருகி, 'பொய்யான விளம்பரம் வெளியிட்டமைக்காக' என்று தட்டிவிட்டு, எந்த வரி பொய் என்று குறிப்பிடுவதற்காக எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு முறை படித்தார். வாடகை ஒப்பந்தம் படிப்பதுபோல, சொல் சொல்லாக, இன்னொரு முறை படித்தார்.

அதில் பொய் எதுவும் இல்லை.